அட்டையைக் கிழிக்கலாமா?

புத்தகத்தை எடுத்ததும் முதலில் நம் கண்ணில் படுவது அட்டைப்படம். புத்தகம் பழசாகும்போது முதலில் கிழிந்து போவதும் அதுதான். அன்புத் தோழியரே, அந்த அட்டைப்படத்தைப் பற்றி நாங்கள் ஐந்து பேர் அறிந்துகொண்ட சில செய்திகளை இங்கே கூற விரும்புகிறோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா, 1980களில் சிறுவனாக இருந்தபோது நாகர்கோவிலில் முத்து காமிக்ஸ் வாங்கிச் சேர்த்தவர். சிவகாசியிலிருந்து 1972-இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி' என்னும் விஞ்ஞானக் கதைதான். 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய சித்திரத் தொடரின் தமிழ் வடிவம் அது. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்த ஒருவனுக்கு இரும்புக்கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும்; இரும்புக்கை மட்டும் தெரியும்.

முன்பெல்லாம் நம் வீடுகளில் தொடர்கதைகளையும் காமிக்ஸ்களையும் சேர்த்துப் பைண்டு செய்து வைப்பார்கள். அப்போது மெல்லிய அட்டைகளை நீக்கிவிட்டுக் கெட்டி அட்டை போடுவது வழக்கம். மாமாவின் புத்தகங்களுக்கும் அதுவே நேர்ந்தது. ஒரே ஓர் அட்டை மட்டும் அவருடைய பழைய அட்லஸுக்குள் தப்பிக் கிடந்தது. அதைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, அவர் பிறந்தநாளுக்குக் கொடுக்க எண்ணினோம். ஆளுக்குக் கொஞ்சம் பணமும் சேர்த்தோம்.

படம் வந்தது. எங்களுக்குப் பெருத்த ஏமாற்றம்! மாயாவியின் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. உயிரியல் ஆய்வுக்கூடத்துக் கைலென்ஸால் பழைய அட்டையைப் பார்த்தோம். அதிலும் அதே புள்ளிகள். அப்போதுதான் காரணம் விளங்கியது.

அட்டைக்காக ஓவியர் முதலில் வண்ணம் தீட்டி ஓர் ஓவியம் வரைவார். அந்நாளில் அதைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளின் வழியே புகைப்படம் எடுத்து நிறங்களைப் பிரிப்பார்கள். பிறகு வெளிர்நீலம், ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளுக்கு நான்கு தகடுகள். ஒவ்வொரு மையும் சிறு புள்ளிகளாகவே தாளில் விழும். தூரத்தில் பார்க்கும் நம் கண் அவற்றைக் கலந்து முழுப்படமாக்கிக் கொள்கிறது. ஆகவே அட்டையைப் பெரிதாக்கினால் ஓவியம் பெரிதாவதில்லை; புள்ளிகளே பெரிதாகின்றன!

நல்ல கலைப் பிரதி வேண்டுமானால் மூல ஓவியமே வேண்டும். அதை நுட்பமாகப் படமெடுத்து, எளிதில் மங்காத நிறமி மைகளால், பருத்தி இழையில் செய்த தாளில் அச்சிடுகிறார்கள். மலிவான மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்னும் பொருள் காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கிவிடும். பருத்தித் தாளில் அது இல்லை. சில பிரதிகளின் ஓரத்தில் 12/100 என்று எழுதியிருக்கும். நூறு பிரதிகளில் இது பன்னிரண்டாவது என்பது அதன் பொருள்.

அமெரிக்காவில் 1926 ஏப்ரலில் வந்த 'அமேசிங் ஸ்டோரீஸ்' முதல் இதழின் அட்டையை ஃபிராங்க் ஆர். பால் வரைந்தார். வானத்தில் வளையம் சூழ்ந்த சனிக்கிரகம். கீழே பனியில் சறுக்கி விளையாடும் மனிதர்கள். இத்தகைய பழைய விஞ்ஞானக் கதை அட்டைகளை இன்று உலகெங்கும் பிரதியெடுத்துச் சுவரில் மாட்டுகிறார்கள். ஆனால் அக்காலத்து மூல ஓவியங்களில் பல, அட்டை அச்சானதும் வேலை முடிந்ததென்று வீசப்பட்டுவிட்டன. அவற்றை இனி நாம் அட்டையில் மட்டுமே காண முடியும்.

ஓவியத்தை அச்சிட்டு வீட்டில் மாட்டுவது நமக்குப் புதிதன்று. நம் மாவட்டம் முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்தத் திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா, 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களை ஏழை வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தார். அவை தெய்வப் படங்களாதலால் மக்கள் போற்றி வைத்தார்கள். கதைப்புத்தக அட்டைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

புள்ளி விழுந்த படத்தைத் தயங்கியபடியே மாமாவிடம் கொடுத்தோம். அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அட்டையெல்லாம் வேண்டாம், கிழிச்சிரும்னு பைண்டர்ட்ட சொன்னதே நான்தான் மக்களே" என்றார். படம் இப்போது அவர் மேசைக்கு மேலே தொங்குகிறது.

மறுவாரமே நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். அவரும் மகிழ்ந்து இசைந்தார். இப்போது நம் நூலகத்தில் பைண்டிங்குக்குப் போகும் ஒவ்வொரு புத்தகத்திலும், "அட்டையை உள்ளே சேர்த்துத் தைக்கவும்" என்று சீட்டு எழுதி வைக்கிறோம். தோழியரே, உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய புத்தகங்கள் இருக்கலாம். அவற்றைக் கடையில் போடுமுன், அட்டையை ஒருமுறை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓர் ஓவியரின் உழைப்பு அந்தப் புள்ளிகளில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.