மலைக்கொரு வண்டு: எள்ளளவு நீர்மூழ்கிகளை இனம் பிரிக்கும் அறிவியல்

மழை ஓய்ந்த சில வாரங்களில் ஏற்காட்டு மலையின் சிற்றோடைகள் மெலிந்துவிடும். மாரமங்கலம் போன்ற மலையூராட்சிகளில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பாறை இடுக்குகளிலும் குழிகளிலும் மட்டும் நீர் தேங்கி நிற்கும். இத்தகைய மலைக்குழிகளில் பூச்சியியலாளர்கள் பயன்படுத்தும் முதல் கருவி தேநீர் வடிகட்டி. ஓரத்துச் சரளையையும் அழுகிய இலைகளையும் விரலால் கலக்கி, வடிகட்டியால் அள்ளி, வெள்ளைத் தட்டில் கொட்டுவார்கள். முதலில் தெரிவது மண்தான். சற்றுப் பொறுத்தால் எள்ளளவுப் புள்ளிகள் சில தாமாக நகரத் தொடங்கும். அவைதாம் நீர்மூழ்கி வண்டுகள்.

டைட்டிசிடே என்பது இவற்றின் குடும்பப் பெயர். உலகெங்கும் 4,600-க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. நம் ஏரி குளங்களில் காணும் சைபிஸ்டர் என்ற பெரிய கருவண்டு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்று சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். மறுகோடியில் ஆஸ்திரேலியாவின் லிம்போடெசஸ் அட்டிப்பிகாலி நிற்கிறது. அதன் நீளம் 0.9 மில்லிமீட்டர். குடும்பத்தின் பெரும்பகுதி சிறியவற்றால் ஆனது. இரண்டு மில்லிமீட்டரை ஒட்டிய உடலோடு வயல், குட்டை, ஓடை, பாறைக்கசிவு என எங்கும் வாழ்பவை அவை. புதிய இனங்கள் அதிகம் வெளிப்படுவதும் இந்தச் சிறியவர்களிடையேதான்.

பின்னங்கால் காட்டிக்கொடுக்கும்

தட்டில் நீந்தும் வண்டு நீர்மூழ்கியா, வேறு நீர்வண்டா என்பதை அதன் நீச்சலே சொல்லிவிடும். நீர்மூழ்கி வண்டு இரண்டு பின்னங்கால்களையும் ஒரே நேரத்தில் துடுப்பாக வீசும். ஹைட்ரோபிலிடே குடும்பத்து நீர்வண்டுகள் நடப்பதைப் போலக் கால்களை மாற்றி மாற்றி அசைக்கும். காற்று எடுக்கும் விதமும் வேறு. நீர்மூழ்கி வண்டு வாலைத்தான் நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டும். கெட்டியான மூடிச்சிறகுக்கும் முதுகுக்கும் இடைப்பட்ட அறையில் காற்றை நிரப்பிக்கொண்டு கீழிறங்கும். மூச்சுத்துளைகள் அந்த அறைக்குள் திறப்பதால் நீருக்கடியிலும் மூச்சு தடைபடாது.

உருவம் சிறிதானாலும் இவை வேட்டையாடிகள். புழுப்பருவத்தில் அரிவாள் போல் வளைந்த தாடைகளை இரையின் உடலில் செருகி, செரிமான நீரைச் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். கொசுப்புழுக்களும் இந்த இரைப்பட்டியலில் உண்டு. வளர்ந்த வண்டின் வால்பக்கச் சுரப்பிகள் பென்சோயிக் அமிலம் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றை உடலில் பூசிக்கொண்டு கிருமிகள் படராமல் காத்துக்கொள்கின்றன.

மூன்று கோடுகள், ஒரு நகம்

இரண்டு மில்லிமீட்டர் உடலில் எதைப் பார்த்து இனம் பிரிப்பது? நிறமும் புள்ளியும் ஓரளவுக்கே உதவும். ஒரே இனத்துக்குள்ளேயே அவை மாறும். எனவே நுண்ணோக்கியின் கீழ் உடலமைப்பைப் படிக்க வேண்டும்.

பிடெசினி என்ற கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். மார்புக்கவசத்தின் பின்விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குறுங்கோடுகள் பொறித்தது போல் இருக்கும். பல பேரினங்களில் அவை மூடிச்சிறகின் மேலும் தொடரும். அடுத்து, தலையின் பின்புறம் கண்ணுக்குக் கண் குறுக்காக ஒரு கோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, இரண்டு மூடிச்சிறகுகளும் சேரும் பொருத்தை ஒட்டி இணையாக ஒரு கோடு இருக்கிறதா என்று தேட வேண்டும். நெல்வயல்களில் வாழும் ஹைட்ரோகிளைஃபஸ் பேரினத்தில் இந்த மூன்றும் உண்டு. யூவரஸில் தலைக்கோடு இல்லை. கிளைப்பியோடைட்டிஸில் முகத்தின் முன்விளிம்பு கரை கட்டியதுபோல் தடித்திருக்கும். இப்படிக் கோடு கோடாகத்தான் பேரினத்தை எட்டுகிறார்கள்.

மலை ஓடைகளின் சரளையிலும் கசிவுகளிலும் கிடைக்கும் மைக்ரோடைட்டிஸ் வேறு கூட்டம். அதன் பின்னங்காலின் இரண்டு நகங்களும் சமமாக இருக்காது; ஒன்று நீளம், மற்றது குட்டை. பிடெசினி வண்டுகளுக்கு இரண்டும் சமம். மைக்ரோடைட்டிஸ் பேரினத்தை 1946-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் பால்ஃபோர் பிரவுன் நிறுவினார். வியன்னாவைச் சேர்ந்த குந்தர் வெவல்கா 1997-இல் அதை முழுமையாக மறு ஆய்வு செய்தார். இன்று அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆசியாவின் மலைகளில் பழைய சேகரங்களைத் திரும்பப் பார்த்தபோதும், புதிய ஓடைகளில் அள்ளியபோதும் இந்தப் பட்டியல் நீண்டது.

பேரினம் தெரிந்த பிறகு இனத்தை உறுதி செய்வது பெரும்பாலும் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பு. மதுசாரத்தில் பதப்படுத்திய வண்டை மென்மையாக்கி, நுண்ணிய ஊசியால் வயிற்று நுனியிலிருந்து அந்த உறுப்பை வெளியே எடுக்கிறார்கள். நடுமடல் பக்கவாட்டில் எப்படி வளைகிறது, நுனி கூர்மையா மழுங்கலா கொக்கியா என்று வரைந்து ஒப்பிடுகிறார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு இனங்கள் இந்த இடத்தில் தெளிவாகப் பிரிந்துவிடும். பெரிய வண்டுகளிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆசிய, ஆப்பிரிக்கக் குட்டைகளில் பரவியிருக்கும் எரிட்டிஸ் வண்டை நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதினர். அமெரிக்க ஆய்வாளர் கெல்லி மில்லர் 2002-இல் ஆண் உறுப்புகளை ஒப்பிட்டு, ஒரு பெயருக்குள் வெவ்வேறு இனங்கள் கலந்திருந்ததைக் காட்டினார்.

2003-இல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்வைத்த மரபணுப் பட்டைக்குறி முறை இதற்குத் துணை வந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டைப் படித்து ஒப்பிடுவது அந்த முறை. ஆணையும் பெண்ணையும், புழுவையும் வளர்ந்த வண்டையும் ஒரே இனமென்று இணைக்க அது பெரிதும் உதவுகிறது. ஆனால், பட்டைக்குறிக்கு மரபணு சிதையாத மாதிரி வேண்டும். ஆகையால் இன்று களத்தில் அள்ளியதில் ஒரு பகுதியையாவது 95 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுசாரத்தில் வைக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் பெயர். புதிய இனத்துக்கு ஒரே ஒரு வண்டைத் தலைமை மாதிரியாக அறிவிக்க வேண்டும். கிடைத்த இடம், உயரம், நாள், சேகரித்தவர் பெயர் எல்லாம் அதன் குண்டூசியிலேயே சிறு சீட்டாகக் குத்தப்படும். நெருங்கிய இனங்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்ற விளக்கத்தோடு ஆய்விதழில் வெளியிட வேண்டும். நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தாலும் அந்த ஒற்றை வண்டை எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். வகைப்பாட்டியலின் நேர்மை அந்த மாதிரியில் இருக்கிறது.

பாலைவனத்துக்கு அடியில் கிடைத்த பாடம்

சிறு நீர்வண்டுகள் எவ்வளவு குறுகிய இடத்தில் தனி இனமாகப் பிரியக்கூடும் என்பதை உலகுக்குக் காட்டியது மேற்கு ஆஸ்திரேலியா. அங்கே யில்கார்ன் வறள்நிலத்தின் அடியில் சுண்ணாம்புப் படிவுகளுக்குள் நிலத்தடி நீர் தேங்கியிருக்கிறது. அந்தப் படிவுகளில் போட்ட துளைக்கிணறுகளுக்குள் வலையை இறக்கியபோது கண்ணில்லாத, நிறம் வெளுத்த, பறக்க முடியாத நீர்மூழ்கி வண்டுகள் ஏறி வந்தன. கிறிஸ் வாட்ஸ், பில் ஹம்ஃப்ரீஸ் ஆகிய இருவரும் இவற்றைத் தொடர்ந்து விவரித்தனர். இதுவரை அறியப்பட்டவை ஏறத்தாழ நூறு இனங்கள். ஒரு படிவில் வாழும் இனம் பக்கத்துப் படிவில் இல்லை.

ரெம்கோ லெய்ஸ் குழு 2003-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு காரணத்தை விளக்கியது. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியா வறளத் தொடங்கியது. மேற்பரப்பு நீர் மறைய, வண்டுகள் நிலத்துக்கடியில் ஒதுங்கின. அங்கிருந்து வெளியேற வழியில்லாமல் ஒவ்வொரு படிவிலும் தனித்தனியே மாறிப்போயின. காற்றெடுக்க மேலே வரவும் முடியாத இவை, உடல் மேற்பரப்பு வழியாகவே நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. உடல் சிறிதாக இருப்பதால்தான் இது இயலுகிறது.

வெளியுலகத்து வண்டுகள் பறக்கும், பரவும். டார்வின் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், 1882 ஏப்ரலில் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு இதைப் பற்றியதுதான்: காலில் சிறு சிப்பி கவ்விய நிலையில் ஒரு நீர்மூழ்கி வண்டு பிடிபட்டதை வைத்து, நன்னீர்ச் சிப்பிகள் எப்படிக் குளம் விட்டுக் குளம் போகின்றன என்று விளக்கினார். ஆனால் எல்லா நீர்வண்டுகளும் ஒரே அளவு பயணிப்பதில்லை. இக்னாசியோ ரிபேராவும் ஆல்ஃபிரீட் ஃபோக்லரும் 2000-இல் ஐபீரிய தீபகற்பத்து நீர்வண்டுகளை ஆராய்ந்தனர். தேங்கிய நீரில் வாழும் இனங்கள் பரந்த நிலப்பரப்பில் காணப்படுவதையும், ஓடும் நீரில் வாழ்பவை குறுகிய இடத்துக்குள் அடங்குவதையும் கண்டனர். குட்டை வற்றும், அதனால் அங்கு வாழ்வது இடம்பெயரப் பழகுகிறது. ஓடை நெடுங்காலம் நிலைத்திருக்கும், அதை நம்பி வாழ்வது அங்கேயே தங்கிவிடுகிறது.

சேர்வராயன் என்னும் தீவு

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையைப் பாருங்கள். சேலத்துச் சமவெளியிலிருந்து எழுந்து 1,600 மீட்டரைத் தாண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலை இது. கல்வராயன், கொல்லி, பச்சை மலைகள் அருகில் இருந்தாலும் இடையே வெப்பமான தாழ்நிலம் கிடக்கிறது. திருமணிமுத்தாறு, சரபங்கா, வாணியாறு ஆகியவை இங்கே பிறந்து வெவ்வேறு திசையில் இறங்குகின்றன. குளிர்ந்த மலையோடைகளை நம்பி வாழும் சிற்றுயிருக்கு இது கடலால் சூழப்பட்ட தீவுக்கு ஒப்பானது.

இங்கே தனி இனங்கள் உருவாகியிருப்பதற்கு மற்ற உயிர்கள் சான்று. 2000-இல் இந்திரனீல் தாஸும் ஆரன் பாயரும் விவரித்த சிறிய பல்லி, நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்ற பெயரில் ஏற்காட்டைத் தாங்குகிறது. வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற செடி இந்த மலையின் பெயரால் அறியப்படுகிறது. யூரோபெல்டிஸ் ஷார்ட்டி என்ற மண்ணுள் வாழும் பாம்பின் கதை இன்னும் முக்கியமானது. பெட்டோம் என்பவர் 1863-இல் சேர்வராயன் மலையிலிருந்து அதை விவரித்தார். பிற்பாடு அது வேறொரு இனத்தோடு சேர்க்கப்பட்டுத் தன் பெயரை இழந்தது. சென்னை ஆய்வாளர் எஸ்.ஆர். கணேஷும் உடன் ஆய்வாளர்களும் மாதிரிகளை மறுபடி ஒப்பிட்ட பிறகே அதன் தனித்தன்மை மீட்கப்பட்டது. பாம்புக்கே இந்த நிலை என்றால், இரண்டு மில்லிமீட்டர் வண்டுக்கு எவ்வளவு கூர்ந்த பார்வை வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பி. சூசை நாதன் காரைக்காலின் குரும்பகரம், கோவை, ஆனைமலை, ஏற்காடு எனத் தென்னிந்தியா முழுவதும் பூச்சி சேகரித்து உலக அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். அவர் பெயரைத் தாங்கிய பூச்சி இனங்கள் பல. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் டி.ஜி. வஜிரானி 1960-களிலும் 70-களிலும் இந்திய நீர்வண்டுகளை ஒவ்வொரு கூட்டமாக எடுத்து எழுதினார். 1977-இல் கீழ்த்திசை நாடுகளின் நீர்மூழ்கி வண்டுகளுக்குப் பட்டியல் தந்தார். 2012-இல் எஸ்.கே. கோஷும் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் நில்சனும் இந்தியாவுக்கும் அண்டை நாடுகளுக்குமான புதிய பட்டியலை வெளியிட்டனர். 2018-இல் சாயலி சேத், ஹேமந்த் காட்டே, பிராகு தேசிய அருங்காட்சியகத்தின் யிர்ஷி ஹாயெக் மூவரும் மகாராஷ்டிரத்திலிருந்து கோப்பெலேட்டஸ் பேரினத்தில் மூன்று புதிய இனங்களை விவரித்தனர். இவர்களில் சேத்தும் காட்டேயும் புனேக்காரர்கள். ஊர்க் கல்லூரி ஆய்வுக்கூடமும் வெளிநாட்டு அருங்காட்சியகமும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

செய்ய வேண்டியவை

சேலம், தருமபுரி, நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் இத்தகைய ஆய்வைத் தொடங்கலாம். வடிகட்டி, மதுசாரம், ஊசி, நுண்ணோக்கி ஆகியவை துறையிலேயே இருக்கும் பொருள்கள். வேண்டியது பயிற்சியும் பொறுமையும், ஒவ்வொரு மலையின் ஓடையையும் எல்லாப் பருவத்திலும் தனித்தனியே பார்க்கும் ஒழுங்கும். காட்டுப் பகுதியில் சேகரிக்க வனத்துறை அனுமதி அவசியம். புதிய இனம் கண்டால் அதை அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய களஞ்சியம். அதன் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது.

இந்த மலை ஓடைகளை உள்ளபடி வைத்திருக்கவும் வேண்டும். கரை திருத்துகிறோம் என்று ஓடைப்படுகையில் சிமென்ட் பூசினால் சரளை போய்விடும். சரளையில் வாழ்வதும் போய்விடும். தோட்டத்துப் பூச்சிமருந்து கலந்தால் கொசுப்புழுவைத் தின்னும் வண்டு செத்து, விரைவில் பெருகும் கொசு மிஞ்சும். பாக்சைட் வெட்டி மலையுச்சியைச் சிதைத்த காலத்தைச் சேர்வராயன் மலை ஏற்கெனவே கண்டிருக்கிறது. எந்த ஓடையில் எது வாழ்கிறது என்ற பதிவு கையில் இல்லாமல், இழந்தது என்ன என்று கணக்குச் சொல்லவும் முடியாது.

ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்பது அதே சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு. மரமும் மூலிகையும் ஆடுமாடும் அந்தப் பதிவேட்டில் எளிதாக இடம்பிடிக்கும். மாரமங்கலம் போன்ற ஊராட்சிகள் தங்கள் ஓடைகளையும் சுனைகளையும் பெயரோடும் இடத்தோடும் அதில் எழுத வேண்டும். எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, எது எந்த மாதத்தில் வற்றும் என்பது அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவும் கல்லூரியின் நுண்ணோக்கியும் சேர்ந்தால் சேர்வராயன் மலையின் நீர்வண்டுகளுக்கு முழுமையான பட்டியல் தயாராகும். அதைத் தமிழ்நாட்டு மாணவர்களே செய்து முடிக்க வேண்டும்.