கல்லில் இருந்த கணக்கு கதவுக்குள் ஏன்?

தஞ்சைப் பெரிய கோவிலைச் சுற்றி வந்தவர்கள் அறிவார்கள். எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்கவேண்டும், எந்த நகை என்ன எடை, எந்தப் பணியாளுக்கு என்ன பங்கு - அத்தனையும் கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. 1010-ல் முடிந்த கோவில் அது. வாக்குச்சீட்டு இல்லாத காலம். படிக்கத் தெரிந்தவர்களும் சிலரே. ஆயினும் கணக்கு வெளியே நின்றது!

மக்களாட்சியில் வாழும் நாம் கேட்கிறோம்: மக்கள் வரிப்பணத்தில் எடுக்கப்படும் கணக்கு, மக்கள் கைக்கு முழுமையாக வந்து சேர்வதற்குத் தடை என்ன?

காவிரி வழக்கே கணக்கு வழக்குத்தான். 1990-ல் அமைந்த நடுவர் மன்றம், 17 ஆண்டுக்குப் பின் 2007-ல், ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றது. 2018-ல் உச்சநீதிமன்றம் அதனை 177.25 ஆக்கியது. அந்தத் தண்ணீரைப் பிலிகுண்டுலுவில் அளப்பது கர்நாடகமும் அல்ல, தமிழகமும் அல்ல. மத்திய நீர்வள ஆணையம். வாய்ச்சண்டைக்கு அப்பால் ஓர் எண் நிற்பதால்தான் நம் வழக்குக்கு வலு.

பிலிகுண்டுலுவுக்கு உள்ள நியாயம் கடைமடைக்கு வேண்டாமா? மேட்டூரில் 120 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது என்பதை நாளேடுகள் நாள்தோறும் சொல்லுகின்றன. கடைமடை உழவனுக்கு அது போதுமா? தன் வாய்க்காலின் தலைமதகில் எத்தனை கன அடி விட்டார்கள், கடைசி மதகுக்கு எவ்வளவு வந்தது - அதுவல்லவா அவன் விதைநெல்லின் விதி! 2023-ல் ஜூன் 12-லேயே அணை திறந்தது. பிறகு வரத்துக் குறைந்து குறுவை கருகியது. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தது. விதைப்பதா, காத்திருப்பதா? பல்லாண்டுக் கணக்கு கையில் இருந்தால், ஊரிலுள்ள பட்டதாரி இளைஞனே கூட்டிக் கழித்து வழி சொல்லுவான்.

பயிர்க் காப்பீடும் அப்படியே. இழப்பீடு பெரும்பாலும் தனி வயலைப் பார்த்துக் கொடுப்பதல்ல. கிராமத்தில் சில இடங்களில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியைப் பார்த்துக் கொடுப்பது. அடுத்த ஊருக்குக் கிடைத்தது, நம் ஊருக்கு ஏன் இல்லை? அந்தச் சராசரியும், அது பிறந்த விதமும் ஊர்வாரியாக வெளிவந்தால், மனுவோடு அலைய வேண்டியதில்லை; ஐயமும் வளராது.

சட்டம் இல்லையோ? இருக்கிறது! 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் கண்டு நாட்டுக்கு முன்னோடியாக நின்றது தமிழகம். 2005-ன் மத்தியச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு, கேட்கும் முன்பே வெளியிடு என்கிறது. 2012-ன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை, கணிப்பொறி படிக்கும் வடிவில் கொடு என்கிறது. காகிதத்தைப் படம் பிடித்து இணையத்தில் ஒட்டினால் கடமை தீர்ந்ததாகாது. பார்க்கலாம், பயன்படுத்த முடியாது என்றால், அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சோறு!

தனிமனிதர் அந்தரங்கம் கெடுமே என்பார்கள். உழவனின் ஆதார் எண், வங்கிக் கடன் பாக்கி எல்லாம் பூட்டியே இருக்கட்டும். அதில் நமக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் மழைமானிக்கு ஏது அந்தரங்கம்? மதகுக்கு ஏது இரகசியம்?

அமெரிக்கா 2008-ல் லேண்ட்சாட் விண்கலப் படங்களை விலையின்றி உலகுக்கே திறந்துவிட்டது. அவர்கள் கஜானா வற்றிவிடவில்லை. படங்களின் பயன் பன்மடங்கு பெருகிற்று.

நாம் கேட்பது சலுகை அல்ல. மதகுவாரி நீர்க்கணக்கு, ஊர்வாரி மழைக்கணக்கு, விளைச்சல் கணக்கு - இம்மூன்றையும், நாள் தவறாமல், தமிழில், எவரும் எடுத்தாளும் உரிமையோடு வெளியிடுங்கள். தண்ணீர் கடைமடை சேரவேண்டும் என்போர், கணக்கும் கடைமடை சேர வழிவிடட்டும்!