கம்பியின் கரகரப்பு: பாஸ் கிட்டாரைச் சீரமைக்கும் முறை

தந்தி வாத்தியங்களில் தாழ்ந்த ஸ்தாயிக்கென அமைந்த பாஸ் கிட்டார் இன்று தேவாலயங்களிலும், கல்லூரி இசைக்குழுக்களிலும், திரைப்பட இசைக்கூடங்களிலும் பெருவழக்காக உள்ளது. இதற்கு முன்னர் அப்பணியைச் செய்து வந்தது ஆள் உயரமுள்ள டபிள் பாஸ் ஆகும். அதில் மெட்டுகள் இல்லை. வாசிப்பவர் தம் செவியை நம்பியே விரலை ஊன்ற வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் 1951-ல் விற்பனைக்குக் கொணர்ந்த வாத்தியத்தில் மெட்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. சுரம் துல்லியமாக நிற்கும் என்பதைக் குறிக்கவே அதற்குப் 'பிரிசிஷன் பாஸ்' என்று பெயரிடப்பட்டது.

மெட்டுகளால் விளைந்த நன்மையுடன் ஒரு தொல்லையும் சேர்ந்தே வந்தது. அதிரும் கம்பி, விரல் ஊன்றிய மெட்டுக்கு அடுத்துள்ள மெட்டுகளில் உரசுமாயின் 'கரகர'வென்ற ஒலி எழுகிறது. இதைக் கேட்டவுடன் சிலர் அரத்தை எடுத்து மெட்டுகளைத் தேய்க்கின்றனர். வேறு சிலர் கண்ணில் பட்ட திருகையெல்லாம் முறுக்குகின்றனர். தேய்ந்த உலோகம் மீண்டும் வளராது. அளவுக்கு மீறி முறுக்கப்பட்ட திருகு உடைந்துவிடும். காரணத்தை அளந்து அறிந்த பின்னரே கருவியில் கை வைத்தல் வேண்டும்.

கம்பிக்கு வேண்டிய இடம்

சாதாரண பாஸ் கிட்டாரில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். மிகத் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறையும், மெல்லிய கம்பி 98 முறையும் அதிர்கின்றன. மீட்டப்பட்ட கம்பி தன் இரு முனைகளிலும் அசைவதில்லை. நடுப்பகுதியிலேயே மிக அகலமாக வீசுகிறது. பலமாக மீட்டினால் இவ்வீச்சைக் கண்ணாலேயே காணலாம். இந்த வீச்சுக்குப் போதிய இடம் இல்லாதபோதே கரகரப்பு தோன்றுகிறது.

அவ்வாறாயின் கம்பியை உயர்த்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். உயர்த்தினால் கரகரப்பு நீங்குவது உண்மையே. ஆனால் விரல் விரைவில் களைத்துவிடும்; மேலும், கம்பியை நெடுந்தூரம் அழுத்தும்போது அது இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். ஆகவே சீரமைப்பு என்பது, வீச்சுக்கு வேண்டிய இடத்தைக் கொடுத்து, அதற்கு மேல் கொடாதிருத்தலாகும்.

கழுத்தும் உருக்குக் கோலும்

நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகிராம் எடைக்கு ஒப்பான இழுப்பை மரக் கழுத்தின் மீது செலுத்துகின்றன. இவ்விழுப்பினால் கழுத்து முன்பக்கமாக வளைய முற்படும். இதனை எதிர்த்து நிற்கக் கழுத்தினுள் 'டிரஸ் ராட்' எனப்படும் உருக்குக் கோல் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹியூ முறுக்கித் திருத்தக்கூடிய இத்தகைய கோலுக்கு 1921-ல் காப்புரிமை கோரினார். அது 1923-ல் வழங்கப்பட்டது.

கழுத்து முற்றிலும் நேராக இருப்பதே சிறப்பு என்று எண்ணுதல் தவறு. கம்பியின் வீச்சு நடுவில் அகன்றிருப்பதால், அதன் கீழே உள்ள கழுத்தும் நடுவில் சிறிதளவு குழிந்திருத்தல் நலம். இக்குழிவைப் பின்வருமாறு அளக்கலாம். கம்பிகளை உரிய சுருதியில் நிறுத்தி, வாத்தியத்தை வாசிக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு, தடித்த கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். அப்போது கம்பியே ஒரு நேர்விளிம்பு ஆகிவிடுகிறது. ஏழாம் அல்லது எட்டாம் மெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையே சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். மோட்டார் பழுது பார்ப்போர் கையாளும் ஃபீலர் கேஜ் இதற்கு ஏற்ற கருவியாகும்.

கரகரப்பு எங்கே எழுகிறது?

ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் ஒரே பலத்துடன் மீட்டி, ஒலி கெடும் இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டால் காரணம் பெரும்பாலும் தானே புலப்படும்.

1. முதல் ஐந்து மெட்டுகளில் மட்டும் எழுமாயின், கழுத்து மிகவும் நேராகவோ பின்புறம் வளைந்தோ இருக்கக்கூடும். உருக்குக் கோலைத் தளர்த்த வேண்டும்.

2. பன்னிரண்டாம் மெட்டுக்கு அப்பால் எழுமாயின், குதிரைப் பக்கத்தில் கம்பி தாழ்ந்திருக்கலாம். அங்குள்ள சிறு திருகுகளால் கம்பியை உயர்த்த வேண்டும். பதினேழாம் மெட்டில் தடித்த கம்பிக்கு 2.4 மில்லிமீட்டரும், மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டரும் உயரம் இருப்பது நல்ல தொடக்கமாகும்.

3. விரல் ஊன்றாத கம்பியில் மட்டும் எழுமாயின், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று கொள்ளலாம். கம்பியை மூன்றாம் மெட்டில் அழுத்தும்போது முதல் மெட்டுக்கு மேல் ஒரு தாளின் கனமேனும் இடைவெளி வேண்டும்.

4. ஏதேனும் ஓரிடத்தில் மட்டும் எழுமாயின், அடுத்துள்ள மெட்டு ஒன்று எழும்பியிருக்கும். மூன்று மெட்டுகள் மீது ஒரு சிறிய நேர்விளிம்பை வைத்தால், நடு மெட்டு உயர்ந்திருப்பின் அது ஆடும். தளர்ந்த மெட்டை மெல்லத் தட்டி அமர்த்திப் பார்த்த பின்னரே அரத்தை நாட வேண்டும்.

இவ்வரிசையை மாற்றுதல் கூடாது. கழுத்தின் வளைவு மாறினால் கம்பியின் உயரமும் மாறும். ஆகவே முதலில் கழுத்து, பிறகு குதிரை, அதன் பின் தலைப்பக்கம், இறுதியாகவே மெட்டுகள். உருக்குக் கோலை ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. பெரும்பாலான வாத்தியங்களில் வலஞ்சுழியாக முறுக்கினால் கழுத்து நேராகும். முறுக்குமுன் கம்பிகளைத் தளர்த்தி, முறுக்கிய பின் மீண்டும் சுருதி கூட்டி அளக்க வேண்டும். திருகு கடினமாக எதிர்த்தால் அங்கேயே நிறுத்திவிடுதல் அறிவுடைமை.

முடிவில் பன்னிரண்டாம் மெட்டைச் சோதிக்க வேண்டும். இது கம்பியைச் சரிபாதியாகப் பகுக்கும் இடம். அங்கே கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் சுரமும், அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால், குதிரையின் தாங்கியைப் பின்னுக்கு நகர்த்திக் கம்பியின் நீளத்தைக் கூட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது

சென்ற மாதம் நன்றாக ஒலித்த வாத்தியம் இம்மாதம் கரகரப்பதில் வியப்பில்லை. மரம் காற்றின் ஈரத்தை ஏற்றுக் குறுக்குவாட்டில் விரிகிறது; நெடுக்குவாட்டில் விரிவது மிகக் குறைவு. கழுத்தும், அதன் மேல் ஒட்டிய விரற்பலகையும் வெவ்வேறு மரங்களாயின் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை; அதனால் வளைவு மாறுகிறது. பருவம் மாறும்தோறும் குழிவை அளந்து தேதியுடன் குறித்து வைப்பது பயன் தரும்.

குறையும் குணமும்

கம்பி ஒரு கடினமான பரப்பைத் தொடுவது எப்போதும் குறையே என்று கொள்ளலாகாது. தம்பூராவின் அகன்ற குதிரையில் கம்பிக்கு அடியில் நூலை வைத்து ஜீவா பிடிப்பது, அத்தகைய தொடுதலை வேண்டுமென்றே உண்டாக்கும் முறையாகும். கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த சி. வி. ராமன் தம்பூராவையும் வீணையையும் பற்றி 1921-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்பியை மீட்டும் இடத்தைப் பொறுத்து, எழாமல் போக வேண்டிய மேற்சுரங்களும் இவ்வாத்தியங்களில் தெளிவாகக் கேட்பதை அவர் எடுத்துக் காட்டினார். அங்கே அளவோடு நிகழும் தொடுதல் நாதத்தைச் செழிக்கச் செய்கிறது. இங்கே அளவின்றி நிகழும் தொடுதல் கம்பியின் சக்தியை வீணாக்கி ஒலியைக் குன்றச் செய்கிறது.

பள்ளியில் ஒரு பாஸ் கிட்டார் இருப்பின், அலையும் அதிர்வும் பற்றிய பாடத்துக்கு அதுவே நல்ல துணைக்கருவியாகும். மாணவர்கள் மெட்டுகளின் தூரத்தை அளக்கலாம். கரகரப்பின் காரணத்தை ஊகித்து, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஊகம் சரிதானா என்று சோதிக்கலாம். அவ்வாறு செய்தால் வாத்தியமும் சீர்படும், சோதனை முறையும் அவர்கள் மனத்தில் நிலைக்கும்.