ஆறடி மண்ணும் மறுக்கப்பட்டது!

நல்ல காரியத்துக்குப் போகாவிட்டாலும் கெட்ட காரியத்துக்குப் போகாமல் இருக்கக்கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டும். சாவுக்கு அழைப்பு வேண்டியதில்லை. தெலுக் பங்லிமா காராங், ஜெஞ்சாரோம், பந்திங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்தில் ஒருவர் கண்ணை மூடினால் அக்கம்பக்கத்தார் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

நமக்கு வழக்கமாக உள்ள இது, இஸ்லாமியருக்கு மார்க்கக் கடமை. ஒரு முஸ்லிம் இறந்துவிட்டால் அவரைக் குளிப்பாட்டி, கபன் துணி அணிவித்து, தொழுகை நடத்தி, நல்லடக்கம் செய்வது அவ்வூர் முஸ்லிம்கள் அனைவர் மீதும் கடமையாகும். சிலர் முன்வந்து செய்துவிட்டால் மற்றவர் பொறுப்பு நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் பாவம் ஊர் முழுவதையும் சாரும். இறந்தவர் ஏழையா பணக்காரரா, ஊருக்கு உறவா அந்நியரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

அப்படிப்பட்ட ஒரு சமுதாயம், "இந்தப் பிணங்களுக்கு எங்கள் மண்ணில் இடம் கிடையாது" என்று மறுத்தது என்றால், அது எத்தகைய குற்றமாக இருந்திருக்க வேண்டும்!

பம்பாயில் நடந்தது

2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு, கடல் வழியாக வந்த 10 பேர் மும்பை நகரில் புகுந்தனர். ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள், ஹோட்டல்களில் தங்கியிருந்தவர்கள், மருத்துவமனை வாசலில் நின்றவர்கள் என்று பார்த்த இடத்திலெல்லாம் சுட்டார்கள். 166 பேர் மாண்டனர். அவர்களுள் இந்துக்கள் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு, யூதர்கள் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. குண்டுக்கு மதம் ஏது?

தாக்கியவர்களில் 9 பேர் கொல்லப்பட்டனர். ஒருவன் மட்டும் உயிருடன் பிடிபட்டு, வழக்கு விசாரணைக்குப் பின் 2012-இல் தூக்கிலிடப்பட்டான். கொல்லப்பட்ட 9 பேரின் உடல்களைப் புதைக்க வேண்டுமே! நகரின் மிகப் பெரிய முஸ்லிம் மயானமாகிய படா கபரஸ்தானை நிர்வகிக்கும் ஜும்மா மசூதி அறக்கட்டளையினர் முடியாது என்று கூறிவிட்டனர். இத்தகைய செயலைச் செய்தவர்கள் உண்மையான முஸ்லிம்களாக இருக்க முடியாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். அடுத்த மாதம் வந்த ஹஜ்ஜுப் பெருநாளில் முஸ்லிம்கள் பலர் கறுப்புப் பட்டி அணிந்து துக்கம் காத்தனர். அந்த உடல்கள் ஓராண்டுக்கும் மேலாகப் பிணவறையில் கிடந்தன. 2010 ஜனவரியில் அரசாங்கம் யாருக்கும் தெரியாத ஓரிடத்தில் அவற்றைப் புதைத்தது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இந்த மறுப்பு வெறும் கோபத்தில் பிறந்ததா? இல்லை. அதற்கு ஆழமான வேர் உண்டு.

திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 32-ஆம் வசனத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். நியாயமின்றி ஓர் உயிரைப் பறிப்பது மனித குலம் முழுவதையும் கொன்றதற்குச் சமம். ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காத்ததற்குச் சமம் என்பது அதன் கருத்து. கொலைக்குத் தண்டனையாகவும், பூமியில் பெருங்குழப்பம் விளைவித்ததற்காகவும் உயிர் பறிக்கப்படுவதை மட்டும் அவ்வசனம் விலக்காக வைக்கிறது. இந்த விலக்கைத்தான் தீவிரவாதிகள் தங்களுக்கு வசதியாக வளைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தண்டிக்கும் அதிகாரம் விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றத்துக்கும் ஆட்சிக்கும் உரியதே தவிர, துப்பாக்கி ஏந்திய தனி மனிதனுக்கு உரியதன்று என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுக் கருத்து.

போர்க்களத்துக்கும் வரம்பு உண்டு. நபிகள் நாயகம் அவர்களுக்குப் பின் முதல் கலீபாவாக இருந்த அபூபக்கர் அவர்கள், சிரியாவுக்குப் படை அனுப்பியபோது தளபதிக்குப் பத்துக் கட்டளைகள் இட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லக்கூடாது. கனி தரும் மரங்களை வெட்டக்கூடாது. குடியிருப்புகளைப் பாழாக்கக்கூடாது என்பன அவற்றுள் சில. மரத்துக்கே பாதுகாப்பு இருக்கும்போது, கோயிலிலும் தேவாலயத்திலும் கைகூப்பி நிற்கும் மனிதனுக்கு இல்லாமல் போகுமா?

வேற்று மதத்தாரின் உயிருக்கும் அதே மதிப்புத்தான். உடன்படிக்கை செய்துகொண்டு சமாதானமாக வாழும் மாற்று மதத்தவரைக் கொன்றவன் சுவர்க்கத்தின் வாடையைக்கூட நுகர மாட்டான் என்று நபிகள் நாயகம் எச்சரித்ததாக ஹதீஸ் உண்டு. ஒரு முறை அவர்கள் முன்னே ஒரு சவ ஊர்வலம் சென்றது. நாயகம் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். அதுவும் ஓர் உயிர்தானே என்ற பொருளில் அவர்கள் திருப்பிக் கேட்டார்களாம். மதம் வேறான ஒருவரின் இறுதிப் பயணத்துக்கு எழுந்து நின்று தந்த மரியாதை அது!

அதே நபிகள் நாயகம், தற்கொலை செய்துகொண்ட ஒருவருக்கு ஜனாசாத் தொழுகை நடத்த முன்வரவில்லை என்றும் ஹதீஸில் காண்கிறோம். தன்னுயிரைப் போக்கிக்கொள்வதே அத்தனை பெரிய பாவம் என்றால், தன் உடலில் குண்டைக் கட்டிக்கொண்டு பிறரையும் கொல்வதை என்னவென்று சொல்வது?

இலங்கை கண்ட ஞாயிறு

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் திருநாள். இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மட்டும் எத்தனை பிஞ்சுகள்! ஞாயிறு வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் அவர்கள். கொன்றவர்களின் தலைவனும் தமிழ் பேசியவன். அங்கே மாண்டவர்களும் தமிழ் பேசியவர்கள்.

அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா சபை, குண்டுதாரிகளின் உடல்களைப் பொறுப்பேற்க மாட்டோம், முஸ்லிம் மையவாடிகளில் அடக்கம் செய்ய இடமளிக்க மாட்டோம் என்று அறிவித்தது. மட்டக்களப்புக் குண்டுதாரியின் உடல் எச்சத்தைக் கள்ளியங்காட்டு இந்து மயானத்தில் புதைத்தபோது, ஊர் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பிறகு நீதிமன்றம் தலையிட்டு அது தோண்டி எடுக்கப்பட்டது.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். ஏப்ரல் 26-ஆம் நாள் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்த அக்கூட்டத்தாரைப் பற்றிப் பாதுகாப்புப் படையினருக்குத் துப்புக் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. ஆனாலும் மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளில் கும்பல்கள் கிளம்பி, ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கின.

நாமும் கண்ணாடி பார்க்க வேண்டும்

இதைப் படிக்கும்போது நம்மில் சிலர், "அவர்கள் மதமே அப்படித்தான்" என்று முணுமுணுக்கலாம். அவர்களுக்கு ஒரு கேள்வி. 1990 ஆகஸ்டு 3-ஆம் நாள், காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் இரவுத் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் விடுதலைப் புலிகள் என்பது உலகறிந்த குற்றச்சாட்டு. அதற்காகத் தமிழர் எல்லாரும் கொலைகாரர் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புவோமா? நமக்கு ஒரு நீதி, அயலாருக்கு ஒரு நீதியா?

குழி மறுப்பதிலும் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. பாவியையும் அடக்கம் செய்துவிட்டுத் தீர்ப்பை இறைவனிடம் விட வேண்டும் என்று கருதும் முஸ்லிம்கள் உண்டு. அதுவும் மார்க்கத்தின் வழி வந்த எண்ணமே. ஆனால் இருசாராரும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள்: நிரபராதியைக் கொன்றவன் தியாகி அல்லன்.

நம் வாசலில்

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று இருந்துவிட முடியாது. 2016 ஜூன் 28-ஆம் நாள் அதிகாலை, பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வீசப்பட்டு 8 பேர் காயமடைந்தனர். ஐ.எஸ். கூட்டத்தார் நம் நாட்டு மண்ணில் நடத்திய முதல் தாக்குதல் அது என்று போலீசார் உறுதி செய்தனர். சிரியாவில் இருந்த ஒரு மலேசியர் கட்டளையிட, இங்கிருந்தவர்கள் நிறைவேற்றினர். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

அந்தக் கட்டளை கடல் தாண்டி எப்படி வந்தது? தொலைபேசி வழியாகத்தான். முன்பு பிள்ளை யாரோடு சேருகிறான் என்று தெருமுனையில் பார்த்தால் போதும். இன்று அந்நியன் கைத்தொலைபேசிக்குள் அமர்ந்து, படுக்கையறைவரை வந்துவிடுகிறான். திடீரென்று வீட்டாரை வெறுப்பதும், அண்டை வீட்டாரை எதிரி என்பதும், சாவதே பெருமை என்று பேசுவதும் எந்த மதத்துப் பிள்ளையிடம் கண்டாலும் பெற்றோர் அசட்டையாக இருக்கலாகாது. உட்கார வைத்துப் பேசுங்கள். விவரமறிந்த இமாமிடமோ, குருக்களிடமோ, பாதிரியாரிடமோ அழைத்துச் செல்லுங்கள். ஆபத்து என்று தோன்றினால் போலீசாரிடம் சொல்லத் தயங்காதீர்கள். செத்தபின் குழி மறுப்பது சமுதாயத்தின் கடைசி ஆயுதம். பிள்ளை உயிரோடு இருக்கும்போது கையைப் பிடித்து இழுப்பதுதான் முதல் கடமை. அங்கே காப்பாற்றப்படுவது ஓர் உயிர் மட்டுமல்லவே!