வெயில் தள்ளும், சார்!

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்களா? வெயில் சுடுவது மட்டுமில்லை, உங்களைத் தள்ளவும் செய்கிறது! ஒரு சதுர மீட்டர் கண்ணாடி மேல் சுமார் ஒரு மில்லிகிராம் எடை அளவுக்கு.

பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? விண்வெளியில் அதுவே பெரிய தலைவலி. 1992-ல் ஏவிய நம்ம இன்சாட்-2ஏ-யின் வானிலைக் காமிராவுக்குச் சூடு ஆகாது. அதனால் சூரியத் தகடுகளை ஒரு பக்கம் மட்டுமே வைத்தார்கள். வெயில் அந்தப் பக்கத்தையே தள்ளிக்கொண்டிருந்தால் சாட்டிலைட் திரும்பிவிடும். அப்புறம் புயல் படம் ஏது? எதிர்ப்பக்கம் நீளமாக ஒரு கம்பு நீட்டி, நுனியில் பாய் கட்டினார்கள். தராசு சமம்!

ஜப்பான்காரர்கள் ஒரு படி மேலே. 2010-ல் ‘இகாரோஸ்’ கலத்தில், தலைமுடியைவிட மெல்லிசான 14 மீட்டர் சதுரப் பாயை விரித்தார்கள். வெள்ளிக் கிரகம் போகும் வழியில் வெயிலே அதைத் தள்ளியது. பெட்ரோல் செலவில்லை!

நம்ம ஸ்கூட்டருக்கு இது உதவுமா? ஸாரி சார், இங்கே காற்றும் ரோடும் விடாது. பஸ்ஸுக்கே காத்திருங்கள்.