கையால் படிக்கும் வரலாறு

கல்விச் சுற்றுலா என்றதும் எம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது நுவரெலியாவின் குளிரும், பேராதனைப் பூங்காவும், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையும்தான். பயணப் பட்டியலில் ஒரு நூதனசாலையும் இருக்கும். பஸ் நிற்கும், வரிசையாக உள்ளே போவோம், கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து நடப்போம், அரை மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடுவோம். அடுத்த நாள் வீட்டில் யாராவது "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால், "பழைய சாமான்கள்" என்பதற்கு மேல் பதில் வராது.

குறை மாணவிகளிடமும் இல்லை, நூதனசாலையிடமும் இல்லை. நாங்கள் போகும் விதத்தில்தான் இருக்கிறது. பூமியில் பயணம் செய்து, முன்னே வாழ்ந்தவர்களைப் பற்றிச் சிந்திக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் எங்களை ஏவுகின்றது. பயணம் மட்டும் நடந்து சிந்தனை நடக்காவிட்டால் அது வெறும் பஸ் ஓட்டம்தான். சிந்தனையைத் தூண்டும் வழிகளுள் எளிமையானது, பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது. அவ்வாறான களப்பயணம் எப்படி நடக்கும், மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் எங்களுக்கு அது ஏன் அவசியம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

தொடக்கூடியதும் தொடக்கூடாததும்

"தொடாதீர்கள்" என்ற பலகை எல்லா நூதனசாலைகளிலும் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் விரல்களில் எண்ணெய்ப் பசையும் வியர்வையின் உப்பும் இருக்கின்றன. பித்தளையில் பதிந்த விரலடையாளம் நாளடைவில் கறுத்து, உலோகத்தை அரிக்கத் தொடங்கும். பழைய ஓலைச்சுவடி மடிந்தால் ஒடிந்துவிடும். பழந்துணியின் நூல் இழுபட்டால் திரும்பச் சேராது. ஒருவர் தொட்டால் பெரிதாக எதுவும் ஆகாது. ஆயிரக்கணக்கானோர் தொட்டால் பொருள் மிஞ்சாது.

அப்படியென்றால் கையால் படிப்பது எப்படி? இதற்கு நூதனசாலைகள் ஒரு வழி கண்டுள்ளன. ஒரே வகையில் பல இருந்தால், அவற்றில் உறுதியான ஒன்றைப் பார்வையாளர் கையாள்வதற்கென ஒதுக்கிவிடுவார்கள். அரிய பொருளாயின் அதைப் போன்ற பிரதி ஒன்றைச் செய்து வைப்பார்கள். 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ளினில் சிறுவர்களுக்கென்றே ஒரு நூதனசாலை தொடங்கப்பட்டது. பிள்ளைகள் பொருட்களோடு பழகிப் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். எங்களுக்குக் கிட்டிய உதாரணம் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். திண்ணையில் ஏறலாம், முற்றத்தில் நிற்கலாம். மண்பாண்டம் வனைதல் போன்ற கைவேலைகளைப் பாடசாலைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கலாம்.

எங்கள் பக்கத்தில் இருப்பவை

இவற்றைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே சில கிலோமீற்றர் தூரத்தில், காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. 2015இல் திறக்கப்பட்ட இது, இலங்கை முஸ்லிம்களின், குறிப்பாக இப்பிரதேச முஸ்லிம்களின் வரலாற்றையும் வாழ்க்கை முறையையும் காட்டுவதற்கென அமைக்கப்பட்டது. போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பாடப்புத்தகத்தில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் இச்செய்தி, எங்களில் எத்தனையோ குடும்பங்களின் கதை.

அந்நூதனசாலையில் மனித உருவங்களைக் கொண்டு காட்சிகள் அமைக்கப்பட்டபோது, உருவங்கள் வைப்பது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற விவாதமும் எழுந்தது. அதற்குத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பணி. மாணவி என்ற வகையில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பழங்காலத்தை அறிய உருவம் கட்டாயமில்லை. அந்த மனிதர்கள் பிடித்த செம்பும், இடித்த உலக்கையும், இழைத்த பாயும் போதும். பொருளைக் கையில் வாங்கியதும் அதைப் பயன்படுத்திய மனிதரை எங்கள் மனம் தானாகவே நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது இடம் புளியந்தீவிலுள்ள கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வசமாகி, நீண்ட காலம் கச்சேரியும் அதற்குள்ளேயே இயங்கியது. அங்கே கண்ணாடிப் பெட்டி இல்லை. சுவரின் தடிப்பைச் சாண் கணக்கில் அளக்கலாம். கொத்தளத்தில் நின்று, வாவியில் வரும் தோணி எவ்வளவு தூரத்தில் கண்ணில் படுகிறது என்று பார்க்கலாம். "கோட்டையை ஏன் இந்த இடத்தில் கட்டினார்கள்?" என்ற பரீட்சைக் கேள்விக்கு அந்த ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

ஒரு படிக்கம் சொல்லும் பாடம்

கையால் படிப்பது என்றால் என்ன என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் பித்தளைப் படிக்கம் இருக்கும். விருந்தாளிகள் பாயில் அமர்ந்ததும், வீட்டார் ஒருவர் செம்பால் நீர் வார்ப்பார். கை கழுவிய நீர் படிக்கத்தில் விழும். பிறகு சஹன் வரும். ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிடுவார்கள்.

இதைக் கண்ணாடிக்குள் பார்த்தால் "படிக்கம், பித்தளை" என்ற இரண்டு சொற்களோடு நகர்ந்துவிடுவோம். கையில் எடுத்தால் கேள்விகள் பிறக்கும். ஏன் இவ்வளவு கனம்? யாராவது கால் இடறினாலும் சாயக்கூடாது. விளிம்பு ஏன் இவ்வளவு அகலம்? நீர் பாயில் தெறிக்கக்கூடாது. விருந்தாளி எழுந்து போய்க் கை கழுவாமல், நீர் ஏன் அவரைத் தேடி வந்தது? அங்கேதான் பொருளிலிருந்து பண்பாட்டுக்குப் போகிறோம். செல்வந்தரும் ஏழையும் ஒரே சஹனில் கை வைத்த சமூகம் ஒன்று அந்தப் பாத்திரத்துக்குள் இருக்கிறது.

பொருள் தேய்ந்த இடத்தையும் வாசிக்கலாம். அம்மியின் நடுப்பள்ளம் எத்தனை வருடம் அரைத்தார்கள் என்பதைச் சொல்லும். உலக்கையில் மழமழப்பான இடம் எங்கே கை பிடித்தது என்பதைக் காட்டும். கொத்தையும் மரைக்காலையும் கொடுத்து நெல் அளக்கச் சொன்னால், ஒன்றில் மற்றது எத்தனை என்பதை எவரும் மறக்கமாட்டார். நெல்லை அளந்த அவணம் என்ற சொல்லே, அவ்வளவு நெல் விதைக்கும் நிலத்தின் பரப்பையும் குறித்தது என்பதைக் கேட்கும்போது, வட்டைக்குள் வாழ்ந்த போடியார்களின் கணக்கு விளங்கும்.

பன்பாய் இன்னொரு நல்ல பாடம். சதுப்பு நிலத்தில் வளரும் பன்னை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்து, தறி எதுவுமின்றிக் கைவிரலாலேயே இழைப்பார்கள். நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு இழைத்துப் பார்த்தால், கோலம் பிசகாமல் வர எவ்வளவு எண்ணிக்கை வேண்டும் என்பது தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் சொல்லும் மூத்தம்மாமார் அந்தக் கணக்கை மனதிலேயே போட்டார்கள்.

எழுதப்படாத பெண்களின் வரலாறு

இங்கேதான் விடயம் எங்களுக்கு முக்கியமாகிறது. வரலாற்றுப் பாடத்தில் மன்னர்கள், தளபதிகள், ஒப்பந்தங்கள் வருகின்றன. எங்கள் மூத்தம்மாமார் அதில் வருவதில்லை. அவர்கள் கல்வெட்டு வெட்டவில்லை, நூல் எழுதவில்லை. ஆனால் இந்த வாவிக் கரையின் வழக்கம் வேறு பல இடங்களிலிருந்து மாறுபட்டது. இங்கே குடி தாய்வழியாக வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். இந்தத் தாய்வழிக் குடிமுறை இப்பகுதித் தமிழ் மக்களிடமும் உண்டு. வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும்போது பெட்டகமும், படிக்கமும், வெற்றிலை வட்டாவும், சஹனும் அதே வழியில் போயின. ஆகவே பெண்களின் வரலாறு எழுதப்படாவிட்டாலும், அவர்களின் பொருட்களில் அது இருக்கிறது.

அந்தப் பொருட்கள் வேகமாக மறைந்து வருகின்றன. வன்செயலின்போது வீடு வாசலை விட்டு வெளியேறியவர்களால் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி, கரையோரத்து வீடுகளோடு காணி உறுதிகளையும் படங்களையும் பாத்திரங்களையும் அள்ளிச் சென்றது. எஞ்சியதைப் பழைய இரும்பு, பித்தளை வாங்க வருபவரிடம் நாங்களே நிறுத்துக் கொடுக்கிறோம். கடையில் நிறைக்குத்தான் விலை. அது யாருடைய சீதனம், எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்பதற்கு அங்கே பெறுமதி இல்லை.

காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு தொழுகையில் நின்ற 100க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அன்று குண்டு துளைத்த சுவர்ப் பகுதிகளைப் பூசி மறைக்காமல் பாதுகாத்திருக்கிறார்கள். நிகழ்ந்ததை மறுக்கவோ மறக்கவோ விடாமல் ஒரு பொருளால் சாட்சி சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. துக்கத்துக்குச் சாட்சி வைத்த நாங்கள், எங்கள் தாய்மாரின் அன்றாட வாழ்வுக்கும் சாட்சி வைக்க வேண்டாமா?

பயணத்தை எப்படி ஒழுங்கு செய்யலாம்?

நல்ல களப்பயணம் பஸ் ஏறுமுன்பே தொடங்கிவிடும். இதை மூன்று கட்டமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஆயத்தம். அதிபர் ஊடாக நூதனசாலைக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்பி, எத்தனை மாணவிகள் வருகிறார்கள், எந்தப் பொருட்களைக் கையாள அனுமதி கிடைக்கும் என்று கேட்க வேண்டும். எதுவும் தொட முடியாது என்றாலும் பரவாயில்லை. காட்சியிலுள்ள பொருளைப் போன்ற ஒன்றை வீடுகளிலிருந்து கொண்டுபோகலாம். வகுப்பை ஐந்து ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு பொருளை ஒப்படைக்க வேண்டும். அதைப் பற்றி முதல் நாளே வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு வர வேண்டும்.

இரண்டாவது, பார்வையிடல். கை கழுவித் துடைத்த பின், மோதிரம், காப்புகளைக் கழற்றிவிட்டு, இரு கைகளாலும், மேசைக்கு மேலேயே பொருளைப் பிடிக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து: எதனால் செய்யப்பட்டது? எங்கே தேய்ந்திருக்கிறது? யார் பயன்படுத்தினார்கள்? எங்கிருந்து வந்திருக்கும்? இன்று அதன் இடத்தில் எது இருக்கிறது? கைத்தொலைபேசியில் படம் எடுப்பதைவிடப் பென்சிலால் வரைவது நல்லது. வரையும்போதுதான் கண் உண்மையாகப் பார்க்கிறது.

மூன்றாவது, திரும்பி வந்த பின். ஒவ்வொரு குழுவும் தன் பொருளுக்கு ஒரு அட்டை எழுத வேண்டும்: ஊரில் வழங்கும் பெயர், செய்த விதம், பயன்பாடு, சொன்னவர் யார் என்பன. பெயர்தான் முதலில் அழியும் என்பதால் ஊர்ச் சொல்லை அப்படியே எழுதுவது அவசியம். இவ்வட்டைகளைச் சேர்த்தால் பாடசாலை நூலகத்தின் ஒரு மூலையிலேயே சிறு நூதனசாலை உருவாகிவிடும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளைகளைத் தூரப் பயணம் அனுப்பத் தயங்கும் பெற்றோரின் மனநிலை எங்களுக்கு விளங்குகிறது. செலவும் இப்போது சிறிய விடயமல்ல. அதனால்தான் கிட்டிய இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். காலையில் புறப்பட்டு அஸருக்கு முன் வீடு திரும்பலாம். வரக்கூடிய உம்மாமாரும் கூட வரலாம். ஆசிரியை பாடத்தைச் சொல்வார். பாத்திரத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதை உம்மாமார் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும்.

கிட்டியதைப் பார்க்கப் பழகிய கண்ணுக்குத் தூரத்தில் இருப்பதும் விளங்கும். பிறகு 300 கிலோமீற்றருக்கும் மேல் பயணம் செய்து கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனால், அங்கும் எங்களுக்குரியதைத் தேடுவோம். 1877இல் திறக்கப்பட்ட அந்த அழகிய கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம். உள்ளே காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனத்து முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் எனக் காணிக்கைகள் ஒரே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பல மொழியும் பல மார்க்கமும் உள்ள நாட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதை 600 வருடங்களுக்கு முன் வந்த மாலுமிகள் அறிந்திருந்தார்கள்.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த கல்விச் சுற்றுலாப் பட்டியலில் எங்கள் ஊர் நூதனசாலைக்கு அரை மணித்தியாலம் அல்லாமல் அரை நாள் ஒதுக்குங்கள். அதற்கு முன், வீட்டின் மேற்தட்டிலோ குசினி மூலையிலோ கிடக்கும் பழைய பாத்திரத்தை விற்காமல் எடுத்துத் துடைத்து, அது யாருடையது என்று உங்கள் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை இன்றே எழுதி வையுங்கள். பாத்திரம் இருந்தும் அதன் கதையைச் சொல்பவர் இல்லாமல் போனால், எஞ்சுவது வெறும் பித்தளைதான்.