தம்பதியர் பாலுறவுச் சிகிச்சை

தம்பதியர் பாலுறவுச் சிகிச்சை என்பது கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக வைத்து, தாம்பத்திய உறவிலுள்ள இடர்ப்பாடுகளைப் பேச்சாலும் பயிற்சியாலும் தீர்க்கும் முறையாகும். அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் ஆகியோர் இதை வகுத்து 1970இல் நூலாக வெளியிட்டனர். குறை ஒருவரிடம் தோன்றினாலும் சிகிச்சை இருவருக்கும் என்பது அவர்கள் கொள்கை.

சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வு போன்ற காரணங்கள் உண்டா என்று முதலில் பார்ப்பர். பிறகு தொடுகைப் பயிற்சி. இதன் தொடக்கத்தில் உடலுறவே கூடாது என்பது விதி! ஆணுக்கு 'முடியுமா' என்ற பயமும், பெண்ணுக்கு 'வலிக்குமோ' என்ற பயமுமே பல வீடுகளில் தடையாக இருப்பதால், அந்தக் கட்டாயம் நீங்கியதும் பதற்றம் தணிகிறது. கை, முதுகு என்று தொட்டு, எது இதமாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லப் பழகுகின்றனர். வாய்விட்டுச் சொல்வதுதான் கடினம்.

குழந்தையில்லை என்று கோயில்களுக்கும் கருத்தரிப்பு மையங்களுக்கும் அலையும் தம்பதியரில் சிலருக்கு உடலுறவே நிகழ்ந்திருக்காது. பழி பெரும்பாலும் மருமகள் மேல் விழும்.

பாலின்பத் திறனைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் லேகிய விளம்பரங்கள் ஓயவில்லை. வேடசந்தூர் வட்டாரத்தினர் அவற்றை நம்பிப் பணத்தை இழப்பதைவிட, திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரை இருவருமாகச் சென்று பார்க்கலாம்.